ஆஹன் வழியாகப் போயிருக்கலாம்

அன்னலீனுக்கு வருடத்தில் மூன்று நாள்தான் விடுமுறை. மருந்துக்கடை முதலாளி கொடுப்பது வேறு கணக்கு. அது வீட்டுக்குள்ளேயே கரைந்துவிடும். இந்த மூன்று நாள் என்பது, ரிக்கை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு அவள் ஊரைவிட்டே போகும் மூன்று நாள்.

ரிக் அவள் கணவன். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து கத்தி நழுவியது. மூளையில் அடைப்பு. உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் பேச்சும் போயின. "சரி" என்ற ஒரு சொல் மட்டும் வாயில் மிஞ்சியது. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, அந்த ஒரு "சரி"தான். காலையில் அவனைத் தூக்கிக் கழுவி, உடுத்தி, ஊட்டி, பகலுக்கு வரும் உதவிப்பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போவாள். மாலையில் திரும்பி வந்து அதையே பின்னாலிருந்து முன்னாகச் செய்வாள். அவர்கள் வசிக்கும் கெண்ட் நகரில் இப்படிப்பட்டவர்களைச் சில நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று உண்டு. நவம்பரில் மூன்று நாள் இடம் வேண்டுமென்றால் மே மாதமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த மூன்று நாளும் அவள் தன் அக்கா வேர்லேயுடன் ஏதாவது வெளிநாட்டு ஊருக்குப் போவாள். வேர்லே மூன்று வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்து நான்கு வருடமாக ட்ராம் ஓட்டுகிறாள். பாரிஸ், லண்டன், கொலோன் என்று இதுவரை போன ஊருக்கெல்லாம் ரயிலில்தான் போனார்கள். வேர்லேக்கு விமானம் பிடிக்காது. பயமொன்றும் இல்லை. ஊர் நடுவில் ஏறி ஊர் நடுவில் இறங்க வேண்டும், இடையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும், செருப்பைக் கழற்று பெல்ட்டைக் கழற்று என்று யாரும் சொல்லக்கூடாது. அவ்வளவுதான்.

இந்த வருடம் பெர்லின் என்று முடிவானதும் ஆகஸ்டிலேயே சண்டை தொடங்கிவிட்டது. கெண்டின் ஓரம், லேடபெர்க்கில் ஒரு ரொட்டிக்கடைக்கு மேலே வேர்லேயின் வீடு. அந்தச் சமையலறையில் உட்கார்ந்து அன்னலீன் விரல் விட்டு எண்ணினாள்.

"ப்ளேன்ல ஒன்றரை மணி நேரம். ரயில்ல ஏழரை மணி நேரம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஏர்போர்ட்டுக்குப் போற நேரம், க்யூவுல நிக்கிற நேரம், பெட்டி எப்ப வரும்னு காத்துக் கெடக்கிற நேரம். அதையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்ச?"

"எல்லாத்தையும் சேத்துக்கோ. அப்பவும் நாலு மணி நேரம் மிச்சம்."

"நாலு மணி நேரத்த வெச்சு என்னடி பண்ணப்போற?"

"தூங்குவேன்."

வேர்லே சிரித்துவிட்டாள். ரயிலில் தூங்கு, கொலோனில் வண்டி மாறும்போது நானே எழுப்பிவிடுகிறேன், பெட்டியையும் தூக்குகிறேன் என்றாள். அன்னலீன் விட்டுக்கொடுத்தாள். ரயிலுக்கே பதிவு செய்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் வேர்லே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது வலது கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்புத் திரை ஒன்று இறங்கியது. அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, பயணிகளை இறக்கி, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு அப்படியே இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். விழித்திரை பிய்ந்திருந்தது. அவளுக்கு வலது கண்தான் கண். இடது கண் பிறந்ததிலிருந்தே மந்தம். ஆள் நிற்கிறார் என்று தெரியும், யார் என்று தெரியாது. மறுநாளே அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்பி அனுப்பினார்கள்.

வாயுக் குமிழ் விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மாதத்தில் தானே கரைந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். அது முழுவதும் கரையும் வரை விமானத்தில் ஏறவே கூடாது. மேலே போகப் போக வாயு வீங்கும். கண்ணால் வீங்க முடியாது. உள்ளே ரத்தக்குழாய் நசுங்கி அடைபட்டுவிடும். இதைச் சொல்லிவிட்டு ஒரு பச்சை நிறப் பட்டையை வேர்லேயின் மணிக்கட்டில் மாட்டினார். கண்ணில் வாயு இருக்கிறது, பறக்கக் கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது; கீழே எந்நேரமும் கூப்பிட ஒரு தொலைபேசி எண். அன்னலீன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். மருந்துக்கடையில் இருபத்தாறு வருடமாக இருப்பவள். கேட்டதைத் தாளில் குறித்தும் கொண்டாள்.

அதன்பின் பத்து நாள் வேர்லே முகத்தைக் கீழே கவிழ்த்தே இருக்க வேண்டியிருந்தது. சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் தரையைப் பார்த்தபடி. அன்னலீன் கடை முடிந்து ரிக்கைக் கவனிக்கும் முன் அரை மணி நேரம் வந்து போவாள். குழல் போட்டு சூப் குடிக்க வைப்பாள். முகம் பார்த்துப் பேச வழியில்லாததால் மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பேசுவாள். "ட்ராமுக்கு அடியில மாட்டிக்கிட்டவ மாதிரியே இருக்க," என்று மேலேயிருந்து வேர்லே சொல்வாள். இருவரும் சிரிப்பார்கள். அந்தப் பத்து நாளில் பேசிய அளவு அவர்கள் முந்தைய பத்து வருடத்தில் பேசியதில்லை.

கண் நன்றாகவே தேறியது. பார்வை மேலிருந்து தெளிந்துகொண்டே வந்தது. குமிழ், பாதரசம் போல அடியில் ஆடிக்கொண்டு நாளுக்கு நாள் சிறுத்தது. ரயிலில் தாராளமாகப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த பரிசோதனை நவம்பர் பதினெட்டு. பயணம் பதினொன்று. ஜனவரியில் கண் தேர்வு, அதில் தேறினால் மறுபடியும் வண்டி.

பயணத்துக்கு முந்தைய நாள், திங்கட்கிழமை மதியம், அன்னலீன் இருமல் மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது. ரயில்காரர்கள் வேலைநிறுத்தம், நாடு முழுக்க, மூன்று நாள். அவர்கள் வண்டி ரத்து. அவள் அந்தச் செய்தியை நின்றபடியே மூன்று தடவை படித்தாள். கடையின் பின்னறைக்குப் போய் விமானங்களைத் தேடினாள். காலை பத்தேகாலுக்கு ஒன்றில் இடம் இருந்தது. இரண்டு இருக்கைகள், ஆனால் தனித்தனி வரிசையில்.

மாலையில் வேர்லே வீட்டுக்குப் போனபோது அவள் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்து, தாளில் பெரிய பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அன்னலீனின் காரில் எல்லையைத் தாண்டி ஆஹன் வரை போய்விடுவது. இரண்டரை மணி நேரம். அங்கே காரை நிறுத்திவிட்டு ஜெர்மன் ரயிலைப் பிடிப்பது.

"ஜெர்மன்காரங்க ஸ்ட்ரைக் பண்ணல. ஏழு மணிக்குக் கெளம்பினா நாலு, நாலரைக்கு பெர்லின். மெல்லப் போய் சாப்பிட்டுப் படுக்கலாம்."

அன்னலீன் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். நாலரைக்கு நவம்பரில் இருட்டிவிடும், முதல் நாள் அதோடு முடிந்தது என்றாள். கடைசி நாளும் அப்படியே பாதி போகும். பிறகு மிச்சம் என்ன. விமானத்தில் போனால் பன்னிரண்டரைக்கு ஊருக்குள் இருக்கலாம். குமிழ் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள்.

வேர்லே ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "மூணுல ஒரு பங்கு இருக்கும்."

"நேத்து போன்ல ஒரு காசு அளவுன்னு சொன்னியே."

"குனிஞ்சு பாத்தா காசு. நிமிந்து பாத்தா கொஞ்சம் பெருசு."

ரொம்பவும் சிறிதாகிவிட்டால் பரவாயில்லை என்று சில டாக்டர்களே சொல்கிறார்கள், நான் படித்தேன் என்றாள் அன்னலீன். படித்தது உண்மை. பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் என்று அதில் இருந்ததை அவள் சொல்லவில்லை. அதுவும் ஒன்றரை மணி நேரம்தான், ஏறினால் இறங்கிவிடும், அமெரிக்காவுக்கா போகிறோம் என்றாள். வேர்லே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்றாள். நாளைக்கு முதல் உலக யுத்தம் முடிந்த நாள், ஊரெல்லாம் விடுமுறை, யார் எடுப்பார்கள் என்றாள் அன்னலீன். எந்நேரமும் எடுக்கும் எண் அக்காவின் மணிக்கட்டிலேயே இருந்தது. அது இருவர் கண்ணிலும் பட்டது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"ஆஹன் வழியாவே போயிடலாம் அன்னலீன். நான் கார்ல பேசிக்கிட்டே வரேன், உனக்குத் தூக்கம் வராது."

அப்போதுதான் அன்னலீனுக்குப் பொறுமை உடைந்தது. கத்தவில்லை. மெதுவாகவே சொன்னாள்.

"உனக்கு வருஷம் பூராவும் உன் நாள் உன்னுது. எப்ப எழுந்துக்கணும், எப்ப கதவச் சாத்திக்கிட்டு வெளிய போகணும், எல்லாம் உன் இஷ்டம். எனக்கு இருக்கறது மூணு நாள். அதுல ஒண்ண ரோட்டுல ஓட்டித் தொலைக்கச் சொல்ற."

கீழே ரொட்டிக்கடையில் இரும்புக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு வேர்லே கேட்டாள்.

"நீ மருந்துக்கடையில இருக்கறவ. உனக்குத் தெரியும். பரவாயில்லைன்னு சொல்றியா?"

"பரவாயில்ல," என்றாள் அன்னலீன்.

மேஜை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துப் பச்சைப் பட்டையை அவள்தான் வெட்டினாள். விமான நிலையத்தில் யாராவது பார்த்தால் ஏற விடமாட்டார்கள்.

மறுநாள் காலை ரிக்கை இல்லத்தில் விட்டாள். போய்வருகிறேன் என்றதற்கு அவன் "சரி" என்றான். பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வேர்லே வழியெல்லாம் கலகலப்பாகவே இருந்தாள். சோதனைக்கு நின்ற வரிசையில் செருப்பைக் கழற்றும்போது, "இதுக்குத்தான் நாலு மணி நேரம் மிச்சம் பிடிச்சியா," என்று முழங்கையால் இடித்தாள். விமானத்தில் அன்னலீனுக்கு ஏழாவது வரிசையில் சன்னலோரம். வேர்லேக்குப் பதினாறாவது வரிசையில் நடு இருக்கை.

விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறியது. மேலே நல்ல வெயில். அன்னலீன் நெற்றியைச் சன்னலில் சாய்த்துக்கொண்டாள். யாரும் அவளைக் கூப்பிடப் போவதில்லை. யாரையும் தூக்க வேண்டாம். பணிப்பெண் தேநீர் கொடுத்தாள். சூடு ஆறும் வரை இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். பல மாதத்துக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. அக்கா என்ன செய்கிறாளோ என்று ஒரு தடவை நினைத்தாள். எழுந்து போய்ப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் தூங்குகிற ஆளை எழுப்ப வேண்டும். விட்டுவிட்டாள். பிறகு அவளும் தூங்கிப்போனாள்.

சக்கரம் தரையில் மோதியபோதுதான் விழித்தாள். ஆட்கள் எழுந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அன்னலீன் நின்று பின்பக்கம் பார்த்தாள். வரிசை குறைந்துகொண்டே வந்தது, வேர்லே வரவில்லை. எல்லோரும் இறங்கிய பின் பதினாறாவது வரிசையில் அவள் மட்டும் இருந்தாள். முழங்காலில் முகத்தைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலடியில் வாந்தி எடுத்த காகிதப் பை.

பணிப்பெண் குழப்பத்தோடு அன்னலீனிடம் சொன்னாள்: ஏறிய அரை மணியிலிருந்தே இப்படித்தான் இருக்கிறார், ஒற்றைத் தலைவலி, எப்போதும் வருவதுதான் என்றார், டாக்டர் யாராவது பயணிகளில் இருக்கிறார்களா என்று கேட்கட்டுமா என்றதற்கு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்.

அன்னலீன் குனிந்து அக்காவின் தோளைத் தொட்டாள். சட்டை நனைந்திருந்தது, அவ்வளவு வியர்வை.

"இந்தக் கண்ல ஒண்ணுமே இல்ல," என்றாள் வேர்லே, முகத்தைத் தூக்காமல். "வெளிச்சம்கூட இல்ல."

ஆம்புலன்ஸில் அன்னலீன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஏன் யாரையும் கூப்பிடவில்லை, ஏன் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை, ஏன் தலைவலி என்று பொய் சொன்னாய். வெகுநேரம் வேர்லே பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"சொன்னா வண்டியத் திருப்பி வேற எங்கயாவது எறக்கிடுவாங்கன்னு நெனச்சேன். உன் நாள் போயிடும்."

மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் நேரத்தைக் கடத்தாமல் ஊசி போட்டு வாயுவை வெளியே எடுத்தார். கண்ணின் கல் போன்ற இறுக்கம் தளர்ந்தது, வலி குறைந்தது. பார்வை வரவில்லை. ரத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் விழித்திரைக்குப் போகாமல் இருந்திருக்கிறது, காத்திருந்து பார்க்கலாம் என்றார் டாக்டர். அவர் பேசிய தோரணையிலேயே அன்னலீனுக்குப் புரிந்துவிட்டது; கடையில் அவளும் ஆட்களிடம் அப்படிப் பேசியிருக்கிறாள். பிறகு டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவான ஜெர்மனில், பறக்கக் கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். கையில் ஒரு பட்டை மாட்டியிருப்பார்களே.

அன்னலீனின் வாய் தானாகத் திறந்தது. "இல்லை," என்றாள். "இவ்வளவு ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை."

படுக்கையிலிருந்து வேர்லேயின் குரல் வந்தது. அவளுக்கு ஜெர்மன் அரைகுறைதான். ஆனால் போதுமான அளவு புரிந்திருக்கிறது.

"சொன்னாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஏறினேன்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். "நாங்க" என்று சொல்லாமல் "நான்" என்று அக்கா சொன்னதை அன்னலீன் கவனித்தாள். அந்த இடத்தில் திருத்த வேண்டும் என்று இருந்தது. திருத்தவில்லை.

பெர்லினில் அவளுக்கு அந்த மூன்று நாள் கிடைக்கத்தான் செய்தது. பகலில் மருத்துவமனை, இரவில் இரட்டைக் கட்டில் போட்ட ஓட்டல் அறை. புதன்கிழமை மதியம் நர்ஸ் இரண்டு மணி நேரம் வெளியே இருக்கச் சொன்னபோது தெருவில் கால்போன போக்கில் நடந்தாள். ஒரு கடையில் கசகசா கேக் வாங்கித் தின்றாள். நன்றாக இருந்தது. பாதியில், ருசித்துத் தின்கிறோம் என்பது உறைத்து, தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வேர்லேயைச் சனிக்கிழமைக்கு முன் விடமாட்டோம் என்றார்கள். ரிக்குக்கு இல்லத்தில் வியாழன் மாலையோடு இடம் முடிகிறது. அன்னலீன் இல்லத்துக்குப் போன் செய்து கெஞ்சினாள். வெள்ளிக்கிழமை காலை அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வருகிறார், எங்களுக்கும் வழியில்லை என்றார்கள். பகலுக்கு வரும் உதவிப்பெண்ணுக்கு அவனைத் தனியாகத் தூக்க வராது. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அக்காவின் கட்டிலருகே வந்து நின்றாள். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"போ," என்றாள் வேர்லே. "அவன் உன்ன நம்பித்தான் இருக்கான். நான் ரயில்ல வந்துக்கறேன்."

"எப்படி வருவ? கொலோன்ல மாறணுமே."

"வாய் இருக்கு, கேட்டுக்கறேன்."

வியாழக்கிழமை அன்னலீன் விமானத்தில் திரும்பினாள். டிக்கெட் அதற்குத்தான் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டாள்.

சனிக்கிழமைக்குள் வேலைநிறுத்தம் முடிந்திருந்தது. கெண்ட் ரயில் நிலையத்தில் ரிக்கின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். வேர்லே கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினாள். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணை நம்பி, கால்விரலால் நடைமேடையின் விளிம்பைத் தடவிக்கொண்டு இறங்கியதை அன்னலீன் நாற்காலியைப் பிடித்தபடியே பார்த்தாள். கொலோனில் ஒரு கல்லூரிப் பெண் கையைப் பிடித்து வண்டி மாற்றிவிட்டாளாம், ரொம்பவும் நல்ல பெண்ணாம். வேர்லே அதைச் சாதாரணமாகவே சொன்னாள். ரிக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் இடது கையை நீட்டி அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டான். வீடு வரும் வரை விடவில்லை.

பார்வை திரும்பவில்லை. ஜனவரித் தேர்வுக்கு வேர்லே போகவே இல்லை. போக்குவரத்து அலுவலகத்தில் அவளை மரியாதையாக நடத்தினார்கள்; பூங்கொத்து, ஒரு கைக்கடிகாரம், முன்கூட்டிய ஓய்வூதியம். கடிகாரத்தின் முள் அவளுக்குத் தெரியாது. ட்ராம் நிறுத்தத்தில் நின்றால் வருவது எந்த எண் வண்டி என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டியிருந்தது. சில பழைய ஓட்டுநர்கள் அவளைக் கண்டால் சன்னலைத் திறந்து எண்ணைச் சொல்வார்கள். அப்படிச் சொல்வது பிடிக்காமல் அவள் நடந்தே போகத் தொடங்கினாள்.

மருந்துக்கடையில் அன்னலீன் மாறிப்போனாள். இந்த மாத்திரையோடு அந்த மாத்திரை சேர்ந்தால் ஒன்றும் ஆகாதே என்று யாராவது கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். டாக்டரைக் கேளுங்கள் என்று ஒரே பதில். தலைவலி மாத்திரைக்குக்கூட ஆளைத் திருப்பி அனுப்புகிறாய் என்று முதலாளி கடிந்துகொண்டார். ஞாயிறுதோறும் உதவிப்பெண்ணை இரண்டு மணி நேரம் இருக்க வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போவாள். துணி துவைப்பாள், தபால் படித்துக் காட்டுவாள், வாரத்துக்கு வேண்டிய சூப் வைத்துவிட்டு வருவாள். வேர்லே நன்றி சொல்வாள். பெர்லின் பற்றி ஒரு வார்த்தை வராது. திட்டவில்லை, முகம் கோணவில்லை. அன்னலீனுக்கு அதுதான் நாளாக ஆகத் தாங்க முடியாமல் போனது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைக் கீழே வைத்தாள்.

"என்னைத் திட்டு வேர்லே."

வேர்லே மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். முகத்தை அவள் இருந்த பக்கம் திருப்பினாள். சரியாக அவள் மேல் திரும்பவில்லை, கொஞ்சம் தள்ளி.

"எதுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தது. பத்துல ஒரு பங்குக்குக் கீழ இருந்தாத்தான்னு போட்டிருந்துச்சு. உனக்கு மூணுல ஒண்ணு இருந்துச்சு. நான் உங்கிட்ட சொல்லல."

இது வேர்லேக்குப் புதிது. அவள் கைகள் மேஜை விரிப்பின் மேல் அசையாமல் இருந்தன.

"அந்த டாக்டரம்மாகிட்ட நீ பொய் சொன்னப்ப, பயத்துல சொல்றன்னு நெனச்சேன். அதுக்கு முன்னாடியே எங்கிட்டயும் சொல்லியிருக்க."

"அதான் சொல்றேன். திட்டு. கையில கெடைக்கறத எடுத்து அடி."

"திட்டினா உனக்குக் கொஞ்சம் லேசாயிடும்," என்றாள் வேர்லே. "அதத் தர மாட்டேன். ஆஹன் வழியா போயிருக்கலாம். அவ்வளவுதான்."

அன்னலீன் நின்றுகொண்டே இருந்தாள். அக்கா அவளை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. வேர்லே எழுந்து, அடுப்பிலிருந்த காப்பிக் குடுவையை எடுத்து வந்தாள். இரண்டு கோப்பைகளை வைத்தாள். ஒற்றை மங்கல் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. குடுவையின் மூக்கு கோப்பையைத் தாண்டிப் போயிருந்தது. காப்பி மேஜை விரிப்பில் கொட்டியது. அன்னலீனின் கை கோப்பையை நகர்த்தப் போனது.

"தொடாத."

காப்பி விரிப்பின் மடிப்பில் ஓடி விளிம்பிலிருந்து அன்னலீனின் பாவாடை மேல் சொட்டியது. சுட்டது. அவள் நகரவில்லை. வேர்லே ஊற்றுவதை நிறுத்தி, விரலால் கோப்பையின் விளிம்பைத் தேடி, குடுவையின் மூக்கை அதில் முட்டவைத்து மறுபடியும் ஊற்றினாள். ஒரு கோப்பை நிறைந்ததும் குடுவையைக் கீழே வைத்துவிட்டாள். இன்னொரு கோப்பை காலியாகவே இருந்தது.

உதவிப்பெண் நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவாள். அன்னலீன் ஈரத்துணியால் மேஜையைத் துடைத்தாள், கோட்டை மாட்டிக்கொண்டாள், அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றாள். வேர்லே காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள். உன்னிடமுள்ள என் வீட்டுச் சாவியைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போ, தபால் படிக்க ரொட்டிக்கடைக்காரர் மகள் வருகிறேன் என்றிருக்கிறாள் என்றாள்.

அன்னலீன் சாவியை வளையத்திலிருந்து கழற்ற முயன்றாள். நகம் உடைந்தது. இரண்டாவது தடவை கழன்றது. ஆணியில் மாட்டினாள். படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது மணி மூன்று ஐம்பது. வேகமாக நடந்தால் நேரத்துக்குப் போய்விடலாம். நடந்தாள்.